லட்டு டப்பாவில்தான் தேடுவாங்க

மனச்சிதைவு என்று தெரிந்த பிறகும் அண்ணன் இரண்டு வருடம் கும்மிடிப்பூண்டியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். மாத்திரை போட்டால் குரல்கள் கேட்காது. வேலை போனது வேறு காரணத்தால். அவன் கடைந்ததில் அளவு தப்பிய ஒரு புஷ் வளையத்தைக் கையில் எடுத்து சூப்பர்வைசர், “சூப்பரா கீதுடா, இப்டியே போட்டுக்கினு இரு” என்றார். அண்ணன் சாயந்திரம் வரை அப்படியே போட்டுக்கொண்டிருந்தான்.

சென்னை மருத்துவமனையில், அடுத்தவர் மனதில் இருப்பது அவனுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஒரு பெண் மருத்துவர் சோதித்தார். எல்லாம் சின்னச் சின்னக் கதைகள். ஓர் அம்மா லட்டை டப்பாவில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறார். மகள் அதை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். அம்மா வந்து எங்கே தேடுவார்?

“அலமாரிலதான். அங்கதான கீது.”

பஸ்ஸில் நிற்கும் ஒருவர், உட்கார்ந்திருப்பவரிடம் “பை ரொம்ப கனமா இருக்கு” என்கிறார். எதற்காகச் சொல்கிறார்?

“உள்ள இன்னா வச்சிக்கிறாருன்னு நீங்க சொல்லலியே, டாக்டர்.”

மருத்துவர் சிரித்துவிட்டார். அடுத்த மாதம் இன்னொரு முறை பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. தேறினால் வேலைக்குச் சான்றிதழ் தருவார் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாளே எல்லாவற்றையும் அளந்து, தேறாததைத் தேய்த்துத் தேற வைத்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில், நினைவிலிருந்த கதைகளை ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன்: கேள்வி, அண்ணன் சொன்னது, சரியான பதில், ஏன். ‘ஏன்’ அவனுக்கு ஏறவில்லை. அந்தக் கட்டத்தை அடித்துவிட்டேன்.

தினமும் ஷிப்ட் முடிந்து புதுவாயல் வீட்டுக்கு வந்ததும் ஒப்பிக்கச் சொல்வேன்.

“ஏன்டி அவன பேஜார் பண்ற? டீயாவது குடிக்க வுடு” என்பார் அம்மா.

“இருக்கட்டும்மா, பாப்பா எக்ஸாம் வெக்குது” என்பான் அண்ணன்.

இரண்டாம் முறை எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான். மருத்துவருக்கு மகிழ்ச்சி.

“மத்தவங்க மனச புரிஞ்சுக்கப் பழக்குற வகுப்பு ஒண்ணு ஆராய்ச்சிக்காக ஆரம்பிக்கிறோம். எட்டுப் பேருக்குத்தான் இடம். கம்மியா மார்க் வாங்கினவங்களுக்குக் குடுத்துடலாம். இவருக்குத் தேவைப்படாது.”

பையிலிருந்து நோட்டை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். அவர் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார்.

“இந்தக் கதைங்கள இனிமே இவர்கிட்ட கேக்க முடியாதும்மா. தமிழ்ல வேற சோதனையும் எங்ககிட்ட இல்ல. அளவு தெரியாம இந்த வகுப்புல சேர்க்க வழியில்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும்போது, மின்சார ரயில் மீஞ்சூர் தாண்டியதும் எனக்கு அழுகை வந்தது. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தப்பா சொல்ட்டனா?”

“இல்லண்ணா. எல்லாம் கரெக்ட்டு.”

“அப்ப இன்னாத்துக்கு அழுவுற?”

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு என் மடியிலிருந்த நோட்டை எடுத்து என் கையில் கொடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.

“லட்டு டப்பாலதான் தேடுவாங்க...”

கவரைப்பேட்டை வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை.