ரோஸ்வித்தா போட்ட பூட்டு

ஹாலைன் ஊரில் ரோஸ்வித்தா என்ஸிங்கர் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், பாதிப் பேர் "ஏதோ கம்ப்யூட்டர்" என்று கையை ஆட்டிவிட்டுப் போவார்கள். மீதிப் பேருக்கு அதுவும் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்த்தது ஒரே வேலைதான். பூட்டுப் போடுவது. வீடியோ கேமைக் காசு கொடுத்து வாங்காமல் ஓசியில் விளையாடுகிறவன் உள்ளே நுழைய முடியாதபடி, கேமுக்குள்ளேயே போட்டுவைக்கிற பூட்டு. அதை உடைப்பதற்கென்றே ஊர் ஊராக ஆட்கள் கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் போடுவாள், அவர்கள் உடைப்பார்கள். மறுபடி போடுவாள். கல்யாணம் ஆகியிருந்தால்கூட இத்தனை வருஷம் ஒருத்தரோடு மல்லுக்கு நின்றிருக்க மாட்டாள்.

அப்பா உப்பாலையில் வேலை பார்த்தவர். ஆலையை இழுத்து மூடின வருஷம் அவள் தொழில்நுட்பப் பள்ளியை முடித்தாள். கொஞ்ச நாள் குறுந்தகடு அச்சடிக்கிற இடத்தில் இருந்தாள். அப்புறம் ஸால்ஸாக் ஆற்றங்கரையில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், பதினாலு பேர் சேர்ந்து நடத்திய ரீகல்வெர்க் கம்பெனிக்குப் போனாள். அங்கேதான் அவள் தலைமுடி நரைத்தது.

ரீகல்வெர்க் சமையலறையில் ஒரு பலகை உண்டு. எந்தப் பூட்டு எத்தனை நாள் தாங்கியது என்று சாக்பீஸால் எழுதிவைப்பார்கள். பூட்டை உடைத்தவர்கள் எகத்தாளமாக ஒரு குறிப்பு எழுதிப்போடுவார்கள். அதை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள். யார் பூட்டு உடைந்ததோ அந்த ஆள் அன்றைக்கு எல்லாருக்கும் சூடாக இறைச்சி ரொட்டி வாங்கித் தர வேண்டும். பக்கத்து மேஜை ஃபெர்டில் மூஸ்லெக்னர் வாங்கித் தந்தே ஓய்ந்துபோனவன்.

"என் புண்ணியத்துலதான்டி இந்த ஆபீஸ் வயிறு நிறையுது," என்பான்.

பலகையில் ஒரே ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் நாள் கணக்கு நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. அது 'பள்ளத்தாக்கு ரயில்' என்கிற கேம். பூட்டுப் போட்டது ரோஸ்வித்தா. நாலாயிரம் நாள் தாண்டியும் ஒருத்தனாலும் அதைத் தொட முடியவில்லை.

அது பெரிய கேமெல்லாம் இல்லை. ஸ்டையர் ஊரில் ரெண்டே பேர் சேர்ந்து செய்தது. சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. மலைக்கு நடுவே சின்ன ரயில் பாதை போட்டு, ஸ்டேஷன் கட்டி, நேரத்துக்கு வண்டி விட வேண்டும். அவ்வளவுதான். ரோஸ்வித்தா அதற்குச் செய்த வேலை இது: வண்டிகள் எப்போது கிளம்பும், எங்கே ஒதுங்கும் என்று கணக்குப் போடுகிற பகுதியைக் கேமிலிருந்தே பிடுங்கி எடுத்து, தானே புதுசாக எழுதி, ரீகல்வெர்க் சர்வரில் வைத்துவிட்டாள். வாங்குகிறவன் வீட்டுக்குப் போவது வெறும் உடம்பு, உயிர் இங்கே. கேம் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இங்கே வந்து கேட்டாக வேண்டும். வேறு எந்த சர்வர் பதில் சொன்னாலும் நம்பாதே என்று கேமுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

அதன் முதல் பிரதியை அண்ணன் லென்ட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். "வேலைக்குப் போய்ட்டு வந்து வீட்லயும் ரயிலா? ஆளை விடு," என்று மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டார். மூணு வருஷம் கழித்துப் பக்கவாதம் வந்து வலது பக்கம் பூராவும் படுத்துவிட்டது. பேச்சும் பாதி போயிற்று. பெண்டாட்டி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தாள். ரோஸ்வித்தா அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து ஜன்னல் ஓரம் கட்டில் போட்டாள். ஆறு மாசம் அந்த மனுஷன் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இடது கையால், கூடவே வந்திருந்த தன் பழைய மேஜையின் இழுப்பறையைக் காட்டி, "ரயில்," என்றார்.

அன்றிலிருந்து எட்டு வருஷம். தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு முதல் வண்டி. லென்ட்ஸ் சட்டை மாற்றிக்கொண்டுதான் உட்காருவார். பதினேழு ஸ்டேஷன், மூணு பாலம், ஒரு பனிச்சரிவுச் சுரங்கம். ஒரு ஸ்டேஷனுக்குச் செத்துப்போன பெண்டாட்டி மார்கிட் பெயர். எல்லாம் ஒற்றைக் கை வேலை. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ரயில்தான் இவரை எழுப்பி உக்கார வெச்சிருக்கு. அதை மட்டும் நிறுத்திடாதீங்க," என்றார்.

"என் சர்வர்லதான் ஓடுது டாக்டர். நான் இருக்கிற வரைக்கும் நிக்காது," என்றாள் ரோஸ்வித்தா. எப்பேர்ப்பட்ட வாய்!

மூணு வருஷத்துக்கு முன்னால் ரீகல்வெர்க்கை ஹாலந்துக் கம்பெனி ஒன்று வாங்கியது. சர்வரெல்லாம் அவர்கள் இடத்துக்குப் போனது. இங்கே இருந்த பிரதிகளை அழித்து, அழித்ததற்குச் சான்று எழுதித் தர வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களிடம் காகிதத்தை நீட்டி இந்த இடத்தில் கையெழுத்து என்று சொல்லிவிட்டால் போதும், எழுதியிருப்பதைச் செய்து முடிக்காமல் பேனாவைத் தொட மாட்டார்கள். ரோஸ்வித்தாவும் ஃபெர்டிலும் ரெண்டு நாள் உட்கார்ந்து அழித்தார்கள். அவன் சலித்துக்கொண்டான்.

"ஒரு தடவை அழிச்சா போதாதாடி? யார் வந்து தோண்டிப் பார்க்கப் போறா?"

"ஏழு தடவைன்னு போட்டிருக்கு. ஏழு தடவை அழிப்போம்."

ஏழு தடவை அழித்தாள். வீட்டில் பழைய டிஸ்க்கில் இருந்த பிரதியையும் ஞாபகமாக எடுத்துவந்து அழித்தாள். யாரும் கேட்கவே இல்லை! அப்புறம் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, இறைச்சி ரொட்டி தின்றார்கள்.

போன வருஷம் செப்டம்பரில் டிவியில் ஒரு செய்தி. எங்கோ ஒரு நாட்டில் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தியை ஜெயிலில் போட்டிருந்தார்கள். அவள் போனை ஒட்டுக்கேட்ட மென்பொருளை அந்த அரசாங்கத்துக்கு விற்றது ஓர்வெல்ட் குழுமம் என்றார்கள். கம்பெனி வாசல் பலகையைக் காட்டினார்கள். தெருப் பெயரும் கதவு எண்ணும் ரோஸ்வித்தாவுக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எழுந்துபோய்ச் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். அதே தெரு, அதே எண்.

மறுநாள் கம்பெனிப் பதிவேட்டில் நகல் எடுத்தாள். இங்கே அது யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ரீகல்வெர்க்குக்கு மேலே ஹாலந்து, அதற்கு மேலே இன்னொன்று, அதற்கும் மேலே ஓர்வெல்ட். நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள்.

"ஃபெர்டில், நாம யாருக்கு வேலை பார்க்கிறோம்னு தெரியுமா உனக்கு?"

"மாசம் பொறந்தா சம்பளம் போடுறவனுக்கு. பேசாம இரு. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே."

பேசாமல் இருக்க அவளால் முடியவில்லை. ரெண்டு செய்தித்தாளுக்கு நகலை அனுப்பினாள், பதில் இல்லை. கடைசியில் பெயர் போடாமல், கேம் விளையாடுகிறவர்கள் கூடிப் பேசுகிற தளத்தில் போட்டாள். வருஷக்கணக்காக அவள் பூட்டைத் திட்டித்தீர்த்த கூட்டம் அது. மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. 'ஜெயிலர் பூட்டு' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பூட்டுள்ள கேமை வாங்காதே என்று ஊர் முழுக்கக் கூச்சல். ஒரே வாரத்தில் பெரிய கம்பெனிகள் பயந்துபோய்த் தங்கள் கேம்களிலிருந்து பூட்டைக் கழற்றின. ரோஸ்வித்தா ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினாள். பாவி மகள்.

நவம்பரில், புனிதர் திருநாள் முடிந்து கல்லறையில் விளக்கு வைத்துவிட்டு வந்த வாரம், ஓர்வெல்ட் அறிக்கை விட்டது. ஒட்டுக்கேட்கிற வியாபாரத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அது ஜோராக நடந்துகொண்டிருந்தது. கேம் பூட்டுப் பிரிவால் பெயர் கெடுவதால் அதை மட்டும் மூடுகிறார்களாம். தொண்ணூறு நாளில் எல்லா சர்வரும் நிற்கும்.

கூட்டம் ஜெயித்துவிட்டோம் என்று ஆடியது. ஃபெர்டிலுக்கும் அவளுக்கும் வேலை போயிற்று. அவளுக்கு அதுகூட உறைக்கவில்லை. ஒன்றுதான் மண்டையைக் குடைந்தது. பெரிய கேம்களின் பூட்டைக் கழற்றிவிட அதது கம்பெனி இருக்கிறது. பள்ளத்தாக்கு ரயிலுக்கு யார் இருக்கிறார்கள்?

செய்த ரெண்டு பேரில் ஒருத்தர் இறந்துவிட்டார். இன்னொருத்தி அல்மூட், கிராட்ஸில் பள்ளி ஆசிரியை. ரோஸ்வித்தா போன் போட்டாள்.

"அந்தக் கணக்குப் பகுதி எங்ககிட்ட ஏதுங்க? எங்களோடதைத் தூக்கிப் போட்டுட்டு நீங்கதானே புதுசா எழுதினீங்க," என்றாள் அல்மூட். "உங்ககிட்ட இல்லையா?"

ஓர்வெல்ட்டுக்கு எழுதினாள். ஒரு பையன் மரியாதையாகப் போன் செய்தான். "உங்க சூழ்நிலை எங்களுக்குப் புரியுதுங்க. ஆனா அது குழுமத்தோட சொத்து. வெளிய தர்றதுக்கு வழியில்லை."

"சரி, தர வேணாம். அந்த ஒரு சர்வரை மட்டும் ஓட விடுங்க. செலவை நானே ஏத்துக்கறேன்."

"அதுக்கும் வழியில்லைங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

கடைசியில் ஃபெர்டில் வீட்டுக்குப் போனாள். பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப்பைக் கொண்டுவந்து வைத்தான். அவள் கரண்டியைத் தொடவில்லை.

"உன்கிட்ட ஏதாவது பிரதி இருக்கா? சும்மா, மறந்துபோய், ஏதாவது ஒரு டிஸ்க்குல?"

அவன் தன் கரண்டியைக் கீழே வைத்தான். "நான்தான் ஒரு தடவை போதும்னேனே ரோஸி."

"தெரியும்."

"நீதான் ஏழு தடவைன்ன."

"தெரியும்னு சொல்றேன்ல!" என்று கத்திவிட்டு, சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து திருடியாக மாறிப் பார்த்தாள். டிசம்பர், ஜனவரி முழுக்கத் தன் பூட்டைத் தானே உடைக்கப் பார்த்தாள். கணக்குப் பகுதியை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதிப் பார்த்தாள், பழையபடி வரவே இல்லை. உள்ளே ஒவ்வொரு திருப்பத்திலும் பதினோரு வருஷத்துக்கு முந்தைய ரோஸ்வித்தா நின்றுகொண்டு, போடி போடி என்று துரத்தினாள். அந்தக் காலத்தில் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்து தொலைத்திருக்கிறாள்! இப்போது வயசு ஐம்பத்துமூணு, கண்ணும் மங்கல். முடியவில்லை.

பிப்ரவரி ரெண்டு, மெழுகுவத்தித் திருநாள். பழைய நாளில் பண்ணையாட்கள் கணக்கு முடித்து எஜமான் மாறுகிற தேதி. அன்று பகல் பன்னிரண்டுக்கு சர்வர் நிற்கும். லென்ட்ஸிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாள், அவர் தலையாட்டினார். புரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. வழக்கம்போலச் சட்டை மாற்றிக்கொண்டு ஐந்து நாற்பது வண்டியை விட்டார். அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரைக்கு அவர் எல்லா வண்டிகளையும் ஒவ்வொன்றாக ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தார். கடைசி வண்டி மார்கிட் ஸ்டேஷனில் வந்து நின்றது. எல்லா சிக்னலையும் சிவப்பாக்கினார். ரயில்வேயில் வேலை முடித்துக் கிளம்பும்போது எப்படிச் செய்வாரோ அப்படி. சரியாகப் பன்னிரண்டுக்குத் திரை சாம்பல் நிறமாகி, சர்வர் கிடைக்கவில்லை என்று எழுத்து வந்தது.

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்குச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். திறந்தார். அதே எழுத்து. "ஒயர்," என்றார். அவள் ஒயரைப் பிடுங்கிச் சொருகிக் காட்டினாள். அடுத்த நாளும் ஒயர் என்றார். அஞ்சாம் நாள் சட்டை மாற்ற வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் ரோஸ்வித்தா வெட்கத்தைவிட்டு, பூட்டு உடைக்கிற ஆட்களின் தளத்துக்கே போனாள். இந்தத் தடவை பெயர் போட்டு எழுதினாள். 'பள்ளத்தாக்கு ரயிலுக்குப் பூட்டுப் போட்டவள் நான். என் அண்ணனுக்கு அது வேண்டும். தயவுசெய்து உடைத்துக் கொடுங்கள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன்.'

கேலி செய்வார்கள் என்று நினைத்தாள். ஒருத்தரும் செய்யவில்லை. நாலு பேர் மூணு வாரம் மெனக்கெட்டார்கள். லென்ட்ஸ் சூப்பைக்கூடப் பாதியில் தள்ளிவிட ஆரம்பித்திருந்தார். தூக்கி உட்காரவைத்தால் சரிந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு மருந்தை மாற்றி எழுதிக் கொடுத்தார்.

பதில் ஒரு காலைநேரத்தில் வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். 'அம்மா, எங்களால் ஆனதெல்லாம் செய்துவிட்டோம். உடைக்க இங்கே ஒன்றுமில்லை. அந்தப் பகுதி உலகத்தில் எங்கேயும் இல்லை. மற்ற கேம்களையெல்லாம் அன்றைக்கே திருடி வைத்தோம், அதனால் அவை பிழைத்துக்கிடக்கின்றன. இதை யாராலும் திருட முடியவில்லை. நாங்கள் பார்த்ததிலேயே நல்ல பூட்டு உங்களுடையதுதான். மன்னியுங்கள்.'

சுவர்ப்பக்கம் படுத்திருந்தவர் மெல்லத் தலையைத் திருப்பினார். "என்ன... போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லை லென்ட்ஸ். பூட்டை உடைக்க முடியலையாம்."

"யாராலயும்?"

"யாராலயும்."

லென்ட்ஸின் முகத்தில் வேலை செய்கிற பாதி சிரித்தது. மூணு வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. இடது கையை நீட்டி அவள் முழங்காலைத் தட்டினார்.

"நீ போட்டதாச்சே," என்றார். "உடையுமா?"