எடைமேடையில் ஒரு சோம்பேறி

லாரிகளை எடை போடும் மேடை ஒன்றில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை பார்ப்பவர் ஃபுல் லோடு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; இது லாரிக்காரர்கள் வைத்தது. நூற்று நாற்பது கிலோ இருந்த மனிதரை அவர்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? நான் மட்டும் மரியாதையாக அண்ணே என்பேன். அந்த மரியாதைக்குக் காரணம் இருந்தது. என் வேலையையும் சேர்த்து அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை இதுதான். லாரி மேடையில் ஏறி நின்றதும் ஒருவர் அதைச் சுற்றி நடந்து வர வேண்டும். எல்லாச் சக்கரமும் மேடைமேல் இருக்கிறதா, ஆள் யாராவது மேடையில் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கண்ணாடி அறையில் இருப்பவர் தானும் ஒரு முறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார். சீட்டு வரும். ஒரு நாளைக்கு அறுபது லாரி. ஒரு லாரிக்கு அவர் சுற்றினால் அடுத்ததற்கு நான் சுற்ற வேண்டும் என்பது முதலாளி செய்த ஏற்பாடு. அது சரியாக ஒரு வாரம் நடந்தது.

எட்டாவது நாள் நான் சொன்னேன்: "அண்ணே, நடந்தா உடம்புக்கு நல்லது. நான் ஏற்கெனவே ஒல்லி, எனக்கு எதுக்கு? நீங்களே சுத்துங்களேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ சொல்றதும் சரிதான் தம்பி" என்று இறங்கிப் போனார். அன்று நாற்காலியில் உட்கார்ந்த நான், சாப்பிடவும் வீட்டுக்குப் போகவும் மட்டும்தான் எழுந்தேன்.

இத்தனைக்கும் ஊரில் எனக்குச் சுறுசுறுப்பு என்று பெயர். ஒல்லியாக இருப்பவன் உட்கார்ந்திருந்தால், இப்போதுதான் வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். அவர் அறுபது சுற்று முடித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்க நின்றால், "என்ன, வண்டி பஞ்சரா?" என்பார்கள். முதலாளியும் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "நிக்காத, அசை" என்பார். நானும் உள்ளே இருந்தபடி சிரிப்பேன்.

நடந்தால் இளைக்கும் என்று நான் சொன்ன வைத்தியம் பத்து வருடத்தில் அவரை ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை. முட்டி தேய்ந்தது, சர்க்கரை ஏறியது. கடைசியில் ஒரு டாக்டர், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடும் ஆபரேஷனைச் செய்துகொள்ளச் சொன்னார். ஒரு மாதம் லீவு. அந்த ஒரு மாதமும் சுற்றுவது, பொத்தானை அழுத்துவது இரண்டும் என் தலையில். அழுத்தினேன். சுற்றினேன் என்று சொல்லமாட்டேன்.

திரும்பி வந்தவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. சட்டை அவருடையதுதான், உள்ளே ஆள்தான் குறைந்திருந்தார். லாரிக்காரர்கள் கூடிப் பெயரை மாற்றலாமா என்று ஆலோசனை செய்தார்கள். காலி வண்டி என்று வைக்கலாம் என்றார் ஒருவர். இன்னும் பாதிதான் இறங்கியிருக்கிறது, பொறுங்கள் என்றார் இன்னொருவர். எல்லோரும் அவர் தோளைத் தட்டி, "இனிமே என்ன, பறக்கலாம்!" என்றார்கள்.

பறப்பதற்கு முதலில் எழுந்து நிற்க வேண்டுமே. அவருடைய மத்தியானச் சாப்பாடு ஒரு சின்னக் கிண்ணம் சூப்பும் முட்டையின் வெள்ளைக்கருவும். அதையும் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் சாப்பிட வேண்டும். அவசரப்பட்டால் அப்படியே வெளியே வந்துவிடும். தண்ணீர்கூட ஒரு வாய், பிறகு காத்திருப்பு, பிறகு இன்னொரு வாய். ரத்தத்தில் இரும்பு குறைந்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவர் அதைக் காட்டி, "நம்ம மேடை மேல ஏறுற இரும்புல ஒரு துண்டு கடிச்சாப் போதும்னு நெனக்கிறேன் தம்பி" என்று சிரிப்பார். சிரித்த களைப்பில் கண்ணை மூடிக்கொள்வார். பத்து லாரி சுற்றினால் பதினோராவதற்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முன்பு நூற்று நாற்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு பம்பரமாகச் சுற்றிய மனிதர்!

ஒரு நாள், அவர் வீட்டில் மறந்துவிட்டு வந்த மாத்திரையைக் கொண்டுவந்த அவர் மனைவி என் ஜன்னலுக்கு வந்தார். "தம்பி, கொஞ்ச நாளைக்கு அவரை உள்ள உட்கார வைங்களேன். அசதி போக ஆறு மாசம்கூட ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வீட்டுக்கு வந்தா செருப்பைக் கழட்டுறதுக்குள்ள தூங்கிடுறாரு."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. "அண்ணி, ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்கச் சொல்லித்தானே டாக்டர் அனுப்புறாங்க? நான் உட்கார வெச்சுக் கெடுத்துட்டேன்னு நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க" என்றேன். அவர் என் நாற்காலியைப் பார்த்தார். நான் மேடையைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் முதலாளி வந்தபோது அண்ணன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். "உடம்பு குறைஞ்சும் சோம்பேறித்தனம் குறையலையா? ஒரு மாசம் லீவு கொடுத்தேன், இன்னும் என்ன? இன்னொரு தடவை நீ உட்கார்ந்து பார்த்தேன், அதோட வீட்டுக்குப் போயிடு." அண்ணன் எழுந்து வாளியை நிமிர்த்தி வைத்தார். ஐம்பது வயதில், முட்டி தேய்ந்த, பாதி வயிற்றோடு இருப்பவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் நாற்காலியை விடவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. ஜல்லி ஏற்றும் லாரி ஒன்று ஒரு நாளைக்கு நாலு நடை வரும். வரும்போது காலியாக ஓர் எடை, போகும்போது சரக்கோடு ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. காலி எடை கூடிப்போனால் சரக்கு குறைவாகக் காட்டும். மூன்றாவது நடையில் அதுதான் நடந்தது. டிரைவர் சீட்டோடு நேராக முதலாளியிடம் போய்விட்டார்.

முதலாளி இரண்டு சீட்டையும் என் முகத்துக்கு நேரே பிடித்தார். "காலையில ஒன்பதாயிரத்து எண்ணூத்து நாப்பது. இப்ப ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது. காலி வண்டி நூத்திப்பத்து கிலோ எப்படி ஏறும்? எவனோ மேடை மேல இருந்திருக்கான். வாங்க, ஒவ்வொருத்தரா ஏறுங்க."

மனிதனை லாரி மேடையில் ஏற்றி விசாரிப்பது எங்கள் தொழிலில் மட்டும்தான் நடக்கும். பத்துப் பத்துக் கிலோவாகத்தான் அது காட்டும், ஆனால் பொய் சொல்லாது. டிரைவர் ஏறினார், எண்பது. நான் ஏறினேன், அறுபது. அண்ணன் ஏறினார். எண் பலகையில் சிவப்பாக எழுந்தது நூற்றிப்பத்து. அன்று பெயர் மாற்ற ஆலோசனை சொன்னவர்தான் இந்த டிரைவர். அவருக்கே சிரிப்பு வரவில்லை. மூன்று மாதத்தில் முப்பது கிலோ இறக்கிய மனிதரை யாரும் பாராட்டவும் இல்லை.

"நான்தான் முதலாளி" என்றார் அண்ணன். "பின் சக்கரத்துக்கிட்ட போனப்ப தலை சுத்துச்சு. மேடை ஓரத்துல ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். கையைத் தூக்கிக் காட்டாமலே நான் பொத்தானை அழுத்தினேன் என்று சொல்லவில்லை. ஜன்னலை ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் அவர் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்லவில்லை. பாதிச் சுற்று என்னுடையது என்றும் சொல்லவில்லை. காட்டிக் கொடுத்திருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். வாயை மூடிக்கொண்டு நின்றாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"முதலாளி, தப்பு என்னுது" என்றேன். "நான் வெளிய பார்க்காமலே அழுத்திட்டேன். பதினோரு வருஷத்துல மொத வாரத்தைத் தவிர நான் ஒரு சுத்தும் சுத்தினதில்ல. என் பங்கையும் அண்ணன்தான் நடந்தாரு. சோம்பேறி நான்தான்."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுபது கிலோ. ஒட்டிய வயிறு. "போப்பா" என்றார். "உன்னைப் பார்த்தா சோம்பேறி மாதிரியா இருக்கு? அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டுப் பேசாத."

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உண்மையை நம்ப ஆள் இல்லை. அண்ணன் பக்கம் திரும்பினேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போய்க் குனிந்து பார்த்தால், மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

முதலாளி தீர்ப்புச் சொன்னார்: "சரி, இவனுக்காக நீ இவ்வளவு பேசுறதால விடுறேன். நாளையிலேர்ந்து இவன் உள்ள உட்காரட்டும். நீதான் சுறுசுறுப்பான ஆளாச்சே, அறுபதையும் நீயே சுத்து. உடம்பு தேறினதும் பாதிப் பாதியா பிரிச்சுக்கோங்க. இன்னொரு சீட்டு தப்பா வந்துச்சு, ரெண்டு பேரும் வீட்டுக்கு."

மறுநாள் இருபது சுற்றில் என் குதிகால் போயிற்று. முப்பதில் இடுப்பு. வயிறு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு வந்தவன் நான். ஒரு கிண்ணம் சூப்பில் இதை எப்படி நடந்தார் இந்த மனிதர்? நான் வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே நடந்ததில் கால்வலி கூடியதே தவிரக் குறையவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், லாரியின் பின் சக்கரம் வரை போனேன். அதற்கு மேல் கால் வரவில்லை. மேடை ஓரத்தில் நிழல் விழுந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அது எந்த இடம் என்று உறைத்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இன்னும் ஒரு நொடியில் சீட்டு வந்துவிடும், இரண்டு பேரும் வீட்டுக்கு.

கண்ணாடி அறையின் மைக் கரகரத்தது.

"மேடையில அறுபது கிலோ கூடுதலா இருக்கே தம்பி" என்றார் அண்ணன். நிமிர்ந்தேன். ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்திரிக்காத, உட்காரு. டிரைவரே, அஞ்சு நிமிஷம் வண்டியை அணைச்சுப் போடுங்க. ஆள் எந்திரிச்சப்புறம் எடை எடுத்துக்கலாம்."