நாலு மூலையும் இரண்டு தங்கைகளும்

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தங்கும் விடுதிகளுக்குத் துணி வெளுத்துத் தரும் அந்தக் கூடத்தில், எட்டு மாதமாக அவள் தனியாகத்தான் மடித்தாள். இரண்டு மூலையை ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு மாட்டுவாள். மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு நடந்துபோய்ச் சேர்ப்பாள். விரிப்பு என்னவோ மாடு மென்று துப்பியது போலத்தான் இருக்கும்.

முன்பெல்லாம் விரிப்பின் மறுமுனையில் அக்கா இருந்தாள். அக்கா நிற்பாள், இவள் நடப்பாள். மூலைகளை அக்கா கையில் கொடுத்துவிட்டு, குனிந்து கீழ் மடிப்பை எடுப்பாள். நான்கு வருடம், வாய் ஓயாமல் ஊர்வம்பு பேசிக்கொண்டே, நாளுக்கு இருநூறு விரிப்பு. பிறகு ஒரு காய்ச்சல், பதினோரே நாள், அக்கா போய்விட்டாள்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷர்தான். மூன்று விடுதிக்காரர்கள் கசங்கலைத் திருப்பி அனுப்பினால் அவரும் என்னதான் செய்வார்?

"இன்னிக்குப் புதுப் பொண்ணு வருது. சேர்ந்து மடிங்க. சரிப்படலேன்னா நாளைக்கு நீ மெஷின் பக்கம் போயிடும்மா."

அக்காவோடு நின்ற மேஜையை விடுவதா, அக்கா இடத்தில் இன்னொருத்தியைப் பார்ப்பதா? இரண்டுமே வேப்பங்காயாகக் கசந்தது.

வந்தவளுக்குப் பதினேழு வயது. பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல ஒரு மௌனம். விரிப்பை உதறினார்கள். இவள் நடந்தாள், அவளும் நடந்தாள். நடுவில் நங்கென்று நெற்றியோடு நெற்றி! மறுபடி உதறினார்கள், மறுபடி நங்!

"நீ ஏன்டி வர்றே? நில்லேன்!"

"வீட்ல எங்கக்காதான் நிப்பா. நான் நடந்துதான் பழக்கம்."

"நானும் அப்படித்தான்."

சொன்னதும் இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு தங்கைகளை வைத்துக்கொண்டு எந்தக் கொம்பன் விரிப்பு மடிக்க முடியும்? சிரித்துக்கொண்டே அழுதும்விட்டாள். மனம் அக்காவை அவ்வளவு தேடியது.

புதியவள் திருதிருவென்று விழித்தாள். "அப்ப யாரு நிக்கிறது, அக்கா?"

இவளை அக்கா என்று யாரும் கூப்பிட்டதே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள்.

"நான் நிக்கிறேன். நீ வா."

சின்னவள் மூலைகளை நீட்டியபடி நடந்து வந்தாள். அந்த நான்கு வருடமும் இங்கே நின்றபடி அக்கா நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, தன்னிடம் வரும் தங்கையைத்தான் என்பது இவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"விறைப்பா பிடிச்சுட்டு வாடி," என்றாள், இரண்டு கையையும் நீட்டி.