பூதத்தான் அண்ணாச்சியின் ஓட்டு

2004ஆம் வருஷம் சட்டசபைத் தேர்தலுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் இறந்துபோனார். தேர்தல் நெருங்கியதும் தாராவியில் எங்கள் சந்துக்கு பூத் சிலிப் வந்தது. எனக்கும் மாமியாருக்கும் இரண்டு சிலிப்பைக் கொடுத்துவிட்டு பூதத்தான் அண்ணாச்சி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பட்டியலில் என் வீட்டுக்காரர் பெயரும் இருந்திருக்கிறது. அந்தச் சிலிப்பை மட்டும் அவர் தனியாக எடுத்துவிட்டார். பெயரை நீக்கச் சொல்லி மனுவும் அவரே கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு பீவி அக்கா ரொம்ப நாள் கழித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். செத்தவர்கள் சிலிப்பை எந்த வாசலுக்கும் அவர் கொண்டுபோனதில்லையாம்.

அண்ணாச்சிக்கு நாங்குநேரிப் பக்கம் ஊர். இங்கே தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. தொண்ணூறிலிருந்து சட்டசபைக்கு நடந்த ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் சந்துப் பட்டியலைப் பார்த்துச் சிலிப் எழுதியது அவர்தான். யார் எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட வேண்டும், எந்த வருஷம் பூத் இடம் மாறியது, எந்த வருஷம் மழையில் வரிசை கலைந்தது, எல்லாம் மனப்பாடம். ஜெயித்தவர்கள் பெயரை மற்றவர்கள் மறந்தாலும், தோற்றவர் எத்தனை ஓட்டு வாங்கினார் என்பதுவரை அவர் சொல்வார். யாருக்குப் போடு என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

2011இல் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அவர் மனைவி பேராச்சி மயினியின் தம்பி தலைவருக்கு நின்றான். எங்கள் சந்து ஆட்கள் ஊர்ப் பட்டியலிலும் பேர் சேர்த்து, ரயிலேறிப் போய்ப் போட்டுவிட்டு வருவது வழக்கம். தப்புதான், நானும் செய்திருக்கிறேன். சேர்க்கிற ஃபாரத்தில் பழைய விலாசம் எழுத ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் அதைச் சும்மா விட்டோம். அண்ணாச்சி மட்டும் தாராவி விலாசத்தை எழுதினார். தம்பி பதினோரு ஓட்டில் தோற்றான். அந்த விலாசத்தை வைத்து இங்கே பட்டியலில் அண்ணாச்சி பேரை வெட்டிவிட்டார்கள். அடுத்த பட்டியல் வந்ததும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி எழுதிக் கொடுத்துச் சேர்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் ரொம்ப வருஷம் கழித்து வீடுகளைக் கணக்கெடுக்க வந்தார்கள். சந்து முழுவதையும் இடித்துக் கட்டடம் கட்டுவார்களாம். விடாமல் இங்கேயே இருந்தவனுக்குத்தான் வீடு. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்து, நடுவில் ஒரு பட்டியலில் பேர் இல்லாத அண்ணாச்சியை ஊருக்குப் போய்விட்டார் என்று எழுதிவிட்டார்கள். சுவரில் ஒட்டின காகிதத்தில் எங்கள் பெயருக்கு நேரே ‘பாத்ர’. அவர் பெயருக்கு நேரே ‘அபாத்ர’, தகுதியில்லை.

முப்பது நாளில் முறையிடலாம், அவர் எங்கும் போகவில்லை என்று அக்கம்பக்கத்தில் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பீவி அக்கா உடனே போட்டுவிட்டார். அவருக்கு ஊர்ப் பட்டியலில் பேர் கிடையாது. அடுத்து அண்ணாச்சி டெய்லர் மாரீஸ்வரன் கடைக்குப் போனார். நான் அங்கே ஜாக்கெட் வாங்க நின்றிருந்தேன்.

“ஒமக்குப் போடாம வேற யாருக்கு அண்ணாச்சி போடப் போறேன்? ஆனா எம்பேரு அங்கயும் கெடக்குல்லா. நோண்டிப் பாத்தான்னா என்னையும் வெட்டிருவான். பொறவு எங்க போவேன்?”

“அந்தக் கட்டத்தச் சும்மா விடும்னு நீதானல அன்னைக்கிச் சொன்ன?”

“சொன்னேன்லா. கேட்டீரா? பெரிய ஞாயஸ்தன் மாதிரி எழுதி வச்சீரு!”

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரில, மிஷின ஓட்டு” என்று வெளியே வந்தார். அப்படியே காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

முத்தாரம்மன் படத்துக்கு முன்னால் அதை இரண்டு நாள் வைத்திருந்தேன். என் பெயரும் மகன் பெயரும் ஊர்ப் பட்டியலில் இருந்தன. மூன்றாம் நாள் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தேன். அவர் மடித்துப் பையில் வைத்தார்.

“டீ குடிச்சியா தாயி?” என்று கேட்டார்.

ஐந்து கையெழுத்து சேரவில்லை. முப்பது நாளும் போனது. 2024 தேர்தலுக்கும் அவரேதான் எங்கள் எல்லாருக்கும் சிலிப் எழுதிக் கொடுத்தார். சந்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது எங்களுக்கு மாற்று இடம் காட்டினார்கள். அவர் அம்பர்நாத்தில் மகள் மாலதி வாடகைக்கு இருந்த அறைக்குப் போனார். அங்கே நாலு மாதம்கூட இருக்கவில்லை, நெஞ்சுவலியில் போய்விட்டார். அம்மன் அவருக்கு நல்ல இடம் கொடுத்திருப்பாள். எனக்கு என்ன வைத்திருக்கிறாளோ.

காலி செய்த அன்று சயான் ஸ்டேஷனில் அவரை வண்டியேற்றிவிடப் போனேன். பேராச்சி மயினி என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டி வருகிற சத்தம் கேட்டதும் அண்ணாச்சி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சொன்னார்:

“அழாத. ஊர்ல கெடக்க ஒம்பேர நீயே எழுதிக் குடுத்து எடுத்துரு, மவன் பேரையுந்தான். இங்க உள்ளது இருக்கட்டும். ஃபாரத்த ஒருக்கா பீவிட்டக் காட்டிட்டுக் குடு, மாத்தி எழுதிராத தாயி.”