என் கண்மேல் விழுந்த வரைபடம்

எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் சோடா பாட்டில் வெடித்தபோது சத்தம்தான் முதலில் தெரிந்தது. பிறகு இடது கண்ணில் ஓர் உறுத்தல். தேய்த்தேன். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் தேய்க்காதீர்கள்.

நான் டிரேசர். பெரார்கஞ்ச் பக்கம் குடியேறியவர்களின் நில வரைபடங்களை, ஒளி ஊடுருவும் தாளில் மையால் படியெடுப்பவன். கண் போனால் வேலை போகும்.

“கண்ணாடிச் சில்லு கார்னியாவுல (கருவிழியை மூடிய தெளிந்த படலம்) புதைஞ்சிருக்கு,” என்றார் டாக்டர். பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் மின்னுமாம். நேரே பார்த்தால் தெரியாதாம்.

“மெயின்லேண்ட் கூட்டிட்டுப் போயிரட்டுமா, சார்?” கூட வந்திருந்த அண்ணன் கேட்டான்.

“கப்பல் வர்றதுக்குள்ள சீழ் பிடிச்சிரும்.”

அவரே செய்த கருவி ஒன்றைக் காட்டினார். நெற்றிப் பட்டையில் இரண்டு உருப்பெருக்கிகள். அவற்றின் முன் சாய்வாக, பாதி ரசம் பூசிய கண்ணாடி; எதிரே இருப்பதன்மேல் படத்தையும் சேர்த்துக் காட்டும். மேல் சட்டத்தில், சில்லின் இடத்தைக் குறித்த படத் தாள். அதன் பின்னால் குட்டி பல்பு.

“ஒரு நிமிஷம் போட்டுப் பாக்கட்டுமா, சார்?”

“கண்ணைக் காட்ட வந்தவன் மிஷினைப் பாக்குறான்!” அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

வலது கண்ணால் என் கட்டைவிரலைப் பார்த்தேன். உழுத வயல்போல் ரேகைகள். அவற்றின்மேல் டாக்டர் வரைந்த சிவப்புக் கோடு மிதந்தது. வலி மறந்துபோனது.

மேசையில் படுத்தேன். மரத்துப்போக மருந்து விட்டார்கள். ஊசிமுனை நெருங்கியது.

“மூக்குப் பக்கம்... இங்கதான் இருக்கணும்,” டாக்டர் முணுமுணுத்தார்.

மரத்துப்போகும் முன் எனக்கு உறுத்தியதோ காதுப் பக்கம். வேலையில் சேர்ந்த புதிதில் மூலப்படத்தைக் கவிழ்த்து வைத்து, ஓர் ஊரையே இடம் வலம் மாற்றி வரைந்தவன் நான்.

“சார், கண்ணாடியில படம் மாறித்தானே விழும்? தாளைத் திருப்பி வச்சீங்களா?”

“பேசாதே, கண் ஆடுது.”

ஊசி நின்றது. கருவிழி வட்டமானது; படம் இடம் வலம் மாறியிருந்தாலும் பொருந்திவிடும், தவறு தெரியாது. டாக்டர் நீண்ட மூச்சு விட்டார்.

“சிஸ்டர், தாளைத் திருப்புங்க.”

சில்லு வெளியே வந்தது. எள்ளில் பாதிகூட இல்லை.

இரண்டு வாரம் கட்டு. வேலை போகவில்லை. இடது கண்ணில் காதுப் பக்கம் சிறு மூட்டம் தங்கிவிட்டது. முன்பு நாளைக்கு மூன்று தாள் முடிப்பேன், இப்போது ஒன்றுதான். ஒவ்வொரு கோட்டுக்கும் கண் தெளியக் காத்திருக்கிறேன். அப்போது ஈர மை மின்னுவதும், மெல்ல மங்கிக் காய்வதும் தெரிகிறது. இத்தனை நாள் வரைந்தும் அதை நான் பார்த்ததே இல்லை.