வெற்றிச்செல்வியின் சிவப்புச் சுடிதார்கள்

பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெற்றிச்செல்வி லேப் டெக்னீஷியன். சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் விடியும் முன்பே வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். காலைக் காபி குடிக்காத மனிதர்களுக்கு எவ்வளவு கோபம் வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. அதனால் பூலாம்பாடியிலிருந்து கிளம்பும் முதல் பஸ்ஸை அவள் தவறவிடவே மாட்டாள், மார்கழி மாதத்தைத் தவிர.

மார்கழியில் பச்சைமலைப் பக்கமிருந்து பனி இறங்கும். அத்தோடு பீரோவிலிருந்து ஸ்வெட்டரும் இறங்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கை அனுப்பியது. கழுத்து வரைக்கும் ஜிப் வைத்த, கதகதப்பான, அடர்சிவப்பு ஸ்வெட்டர். அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது, அவளிடம் இருந்த ஒரு சுடிதாரோடும் அது ஒத்துப்போகவில்லை என்பதைத் தவிர.

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கவியா போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டித் தீர்ப்புச் சொல்வாள்.

"அம்மா, இன்னைக்கு நீ கிளி."

அன்றைக்குப் பச்சைச் சுடிதார். உடனே கழற்றிவிட்டு ஊதாவை எடுப்பாள்.

"இது பீட்ரூட் பொரியல்மா."

மஞ்சளை எடுத்தால் அதற்கான துப்பட்டா கொடியில் பனி குடித்து ஈரமாகத் தொங்கும். அதை ஃபேனுக்குக் கீழே விரித்துவிட்டு, குளிருக்கு ஃபேன் போட்டதற்காகச் சின்னவன் விக்கி அழ, அவனைத் தூக்கிக்கொண்டு சப்பாத்தியைப் புரட்ட, அவன் பால் வாயை அம்மாவின் தோளில் துடைக்க, அந்த டாப்ஸும் போச்சு. தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்கும்போது இவள் ஒரு கால் நீலப் பேன்ட்டிலும் ஒரு கால் வெளியிலுமாக நின்றுகொண்டிருப்பாள்.

போன மார்கழித் தொடக்கத்தில் அப்படி ஒரு நாள் பஸ் போயே போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர், "என்னம்மா, என் சர்க்கரையப் பாக்கச் சொன்னா என் உசுரையே பாக்குற?" என்று கையிலிருந்த சீட்டை அவள் முன் வீசினார். வெற்றிச்செல்வி குனிந்து சீட்டை எடுத்து, அவர் முகத்தைப் பார்க்காமலே ஊசி குத்தினாள்.

அன்று மாலை திரும்புகையில் பஸ் ஜன்னலோரம் யோசித்துக்கொண்டே வந்தாள். ஸ்வெட்டரை மாற்ற முடியாது. இன்னொன்று வாங்கினால் அதற்கும் இதே வழக்குதான். ஸ்வெட்டர் அப்படியே இருக்கட்டும், மற்ற எல்லாவற்றையும் அதற்குத் தகுந்தாற்போல் ஆக்கிவிட்டால் என்ன? காலையில் எழுந்து எதை எடுத்தாலும் ஒன்றோடு ஒன்று சேர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் சேர வேண்டும்.

மறுநாளே ஸ்வெட்டரைத் துணிக்கடைக்குக் கையில் எடுத்துப் போய், அதே அடர்சிவப்பில் ஆறு செட்டுக்குத் துணி கிழித்து வாங்கினாள். தையற்காரி தென்றல் துணியை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எந்த ஸ்கூலு யூனிபாரம்க்கா?"

"எங்க வூட்டு ஸ்கூலு. எல்லாமே டாப்ஸு, பேன்ட்டு, துப்பட்டான்னு முழு செட்டா தைச்சிடு. ஒரே மாடல்."

"ஒண்ணுலயாச்சும் கழுத்துல லேஸ் வைக்கட்டுமாக்கா? பாக்க நல்லாருக்கும்."

"வச்சீன்னா அத என்னைக்குப் போடுறதுன்னு யோசிக்கணும் தென்றலு. யோசிக்காம இருக்கத்தான் தைக்கச் சொல்றேன்."

தென்றல் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை குக்கர் அடங்குவதற்குள் வெற்றிச்செல்வி குளித்து, உடுத்தி, தலை பின்னி, டீயைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பல் தேய்த்துக்கொண்டே வந்த கணவன் சுரேஷ்குமார் வாசற்படியில் அப்படியே நின்றான். அவன் வெங்காய மண்டியில் சரக்கு பார்க்கிறவன். எதற்கும் லேசில் பதறாதவன்.

"என்னாடி உக்காந்திருக்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். டீ குடிக்கிறேன்."

"உக்காந்துகிட்டா?"

கவியா எழுந்து வந்து அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். தீர்ப்புச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. மறுநாளும் அகப்படவில்லை. அதற்கு மறுநாள், "நேத்துப் போட்டதையா போட்டிருக்க?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் அவளுக்கு இந்த விளையாட்டே சலித்துப்போய்விட்டது.

அந்த வாரக் கடைசியில்தான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. முதல் பஸ்ஸில் எப்போதும் நிற்கத்தான் இடம் கிடைக்கும். அன்று ஏறியதும் கண்டக்டர் முன்சீட்டில் இருந்த ஒரு பையனைத் தட்டி எழுப்பினார்.

"எந்திரிப்பா, சக்தி வந்திருக்காங்க. நீங்க உக்காருங்க சக்தி."

வெற்றிச்செல்வி திரும்பிப் பார்த்தாள். பின்னால் சக்தி என்று யாரும் இல்லை. பஸ் குலுங்கியதில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தாள். கறுப்பு வேட்டிக்காரர்கள் நாலைந்து பேர், பழனி போகும் காவிக்காரர் ஒருவர். அப்புறம் தலையிலிருந்து கால் வரை சிவப்பில் அவள். மேல்மருவத்தூர் ஆத்தாவுக்கு மாலை போட்டு, சக்தி என்று அழைக்கப்படுகிறவர்கள் ஊரெல்லாம் செவ்வாடையில் திரியும் மாதம் இது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாலை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஸ்வெட்டர் ஜிப் கழுத்துவரை ஏறியிருந்தது. உள்ளே இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். பெரம்பலூர் வரைக்கும் நின்றுகொண்டே போகும் கால்வலி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

லேபில் வெள்ளைக் கோட்டுக்குக் கீழே சிவப்பு தெரிந்ததும் அங்கேயும் அதே கதை. குத்தினால் ஊரைக் கூட்டும் பாட்டியெல்லாம் கையை நீட்டி, "சக்தி குத்துனா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு" என்றார்கள். இன்னொரு டெக்னீஷியன் ஷமீமாவிடம் வரிசையே இல்லை. இவள் முன்னால் மட்டும் பெஞ்ச் நிறைய ஆட்கள்.

"ஏன்க்கா, உங்க சாமி என் வேலையையும் சேத்துக் குறைச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு ஷமீமா போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வீட்டில்தான் இடி இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போன சுரேஷ்குமார் காலிப் பையோடு திரும்பி வந்தான்.

"அங்கமுத்து அண்ணன் கறி குடுக்க மாட்டேங்குறாரு. மாலை போட்ட வூட்டுக்குக் கறி குடுத்த பாவம் எனக்கெதுக்குப்பாங்குறாரு. யாருடி மாலை போட்டது?"

வெற்றிச்செல்வி நடந்ததைச் சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"போயி இல்லைன்னு சொல்லித் தொலையேன்."

"சொல்றேன். ஒரு வாரம் போவட்டும். உக்காந்துகிட்டுப் போயி எத்தனை வருசமாச்சு தெரியுமா?"

பக்கத்து வீட்டு அம்சவள்ளி அக்காவின் மூக்கு தெருவே அறிந்தது. அவர்தான் ஊர் வழிபாட்டு மன்றத்துக்குத் தலைவி. அவர் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் முட்டை உடைத்தால்கூட அந்தப் பக்கம் தெரிந்துவிடும். ஆகவே முட்டையும் நின்றது. மண்டியிலாவது சாப்பிடலாம் என்றால் அந்த வருஷம் மண்டி முதலாளியே சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அங்கே மதியச் சாப்பாடு சாம்பாரும் கூட்டும்தான். சுரேஷ்குமார் வாழ்க்கையில் முதன்முறையாகப் புடலங்காயின் ருசியை ஆராயும் நிலைக்கு வந்தான்.

ஒரு வாரம் இரண்டு வாரமானது. ஒருநாள் அம்சவள்ளி அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"வெற்றி, எப்ப போட்டேன்னே சொல்லலியே. பரவால்ல. தைப்பூசத்துக்கு முந்தி ஞாயித்துக்கெழம வேன் போவுது. ஒனக்கு ஒரு சீட்டு சொல்லிட்டேன். சேலை கட்டணும்னு இல்ல, வேலைக்குப் போற புள்ள, சுடிதாரே போதும். ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா."

"அக்கா, அது வந்து..."

"ஒண்ணும் பேசாத. இருமுடியெல்லாம் நான் பாத்துக்குறேன்."

அவர் போய்விட்டார். பஸ் சீட்டு ஒன்று, வேன் சீட்டு வேறு. முதலாவதில் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இரண்டாவதில் ஆத்தாவின் முன்னால் போய் நிற்க வேண்டும். நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று வெற்றிச்செல்வி தினமும் நினைத்தாள். தினமும் பஸ் வந்தது, கண்டக்டர் சீட்டுப் பிடித்து வைத்திருந்தார்.

இதற்கு நடுவே லப்பைக்குடிக்காட்டில் ஷமீமாவின் தம்பிக்குக் கல்யாணம். லேபில் இருந்து எல்லோரும் போனார்கள். பந்தல் நுழையும்போதே பிரியாணி வாசம் வந்து வெற்றிச்செல்வியின் கையைப் பிடித்து இழுத்தது. பந்தியில் உட்கார்ந்தாள். பக்கத்து இலையில் கறித்துண்டு விழுந்தது. அவளுடைய இலைக்கு மட்டும் ஷமீமாவின் அம்மா ஒரு தூக்குவாளியோடு வந்தார்.

"ஷமீமா சொல்லிச்சும்மா, நீ சாமிக்கு மாலை போட்டிருக்கன்னு. நம்ம சட்டி எதுலயும் தொடாம, புதுப் பாத்திரம் வாங்கி, பக்கத்து வூட்டு ஐயரம்மாவ விட்டுத் தயிர்சோறு கிளறச் சொன்னேன். மனசாரச் சாப்பிடு."

தூக்குவாளி பளபளவென்று இருந்தது. ஒட்டியிருந்த லேபிளைக்கூட முழுதாக உரிக்கவில்லை. தயிர்சாதத்தில் மாதுளை முத்துப் போட்டிருந்தார்கள். வெற்றிச்செல்வி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கல்யாண வீட்டு அலைச்சலில் வேர்த்து, முக்காடு நழுவி, ஆனாலும் இவள் முதல் வாய் வைப்பதைப் பார்க்க நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"அம்மா, நான் மாலையே போடலம்மா" என்றாள். "ஸ்வெட்டருக்கு மேட்சா இருக்கட்டும்னு தைச்சதும்மா இந்தச் செகப்புச் சுடிதாரு."

"எதுக்கு?"

"ஸ்வெட்டருக்கு."

ஷமீமாவின் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. எதிர் வரிசையில் இருந்த ஷமீமாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் பந்தியே நிமிர்ந்து பார்த்தது. அம்மாவும் மெல்லச் சிரிக்கத் தொடங்கி, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் பிரியாணிச் சட்டிக்காரரைக் கை தட்டிக் கூப்பிட்டார். "இந்தப் புள்ளைக்கு நல்ல பீஸாப் பாத்து வைங்க. பாவம், எத்தன நாளாப் பட்டினி கெடக்குதோ!"

வெற்றிச்செல்வி பிரியாணியையும் சாப்பிட்டாள், தயிர்சாதத்தையும் மிச்சம் வைக்கவில்லை. புதுப் பாத்திரம் வாங்கியவர்களுக்கு அதுதான் மரியாதை என்று அவளுக்குத் தோன்றியது.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஷமீமா, கையில் எலும்போடு கண்ணை மூடி ரசிக்கும் வெற்றிச்செல்வியைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். ரிசல்ட் அனுப்புவதற்காக அந்த வட்டாரச் சர்க்கரைக்காரர்கள் பாதிப்பேரின் நம்பர் அவளிடம் இருந்தது. அம்சவள்ளி அக்காவுக்கும் சர்க்கரை உண்டு.

மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்தி என்ற சொல்லே அவர் வாயில் இல்லை. வெற்றிச்செல்வி பெரம்பலூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாலை வீட்டுக்கு வந்தபோது அம்சவள்ளி அக்கா அவள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டி, ஆத்தா பேரச் சொல்லியா ஊர ஏமாத்துற?"

"நான் ஒரு தடவகூட மாலைன்னு சொல்லலக்கா."

"இல்லைன்னும் சொல்லலியே."

வெற்றிச்செல்வி படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கிளி, பீட்ரூட், ஈரத் துப்பட்டா, ஒரு காலில் பேன்ட், அந்தப் பெரியவர் வீசிய சீட்டு, கால் வலி. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று நினைத்தாள். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடிப்பாவி, ஒரு துணிக்காடி இத்தனையும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வெளிய சொல்லாத. மாலை போட்டா எனக்கும் அதான் நிம்மதி. ரெண்டே ரெண்டு செகப்புச் சேலை. ஒண்ணத் தொவச்சா இன்னொண்ணு. என் மருமவ எதக் கட்டுறதுன்னு பீரோ முன்னாடி நிக்கையில நான் கெளம்பிப் போய்க்கிட்டே இருப்பேன்."

"மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிக்கிறதெல்லாம் ஆத்தா பாத்துக்குவா. வேன்ல சீட்டுல்ல காலியாக் கெடக்குது? அதுக்கு நான் யாரத் தேடுவேன்?"

மண்டியிலிருந்து வந்து, வண்டியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற சுரேஷ்குமார் தொண்டையைச் செருமினான்.

"நான் வேணா வரட்டுமாக்கா?"

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"இல்ல, மாசம் பூரா கறி இல்ல, முட்டை இல்ல. இவ பிரியாணி தின்னுட்டா, நான் அதுவும் திங்கல. இருந்ததுதான் இருந்தேன், அது வீணாப் போவ வேணாம் பாருங்க."

அம்சவள்ளி அக்கா மறுநாளே அவனுக்கு மாலை போட்டுவிட்டார். வேன் கிளம்பும் ஞாயிறு விடிவதற்கு முன்பு அவன் சிவப்பு வேட்டி சட்டையில், தலையில் இருமுடியோடு, யாரோ ஒரு புது மாப்பிள்ளை போல வெட்கப்பட்டுக்கொண்டு வேனில் ஏறினான். கவியா சட்டையைப் பார்த்துவிட்டு, "அப்பா, நீ தக்காளி" என்று கத்தினாள். வேன் பனிக்குள் புகுந்து மறைந்தது.

வெற்றிச்செல்வி பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போனாள். லேபுக்கு விடுமுறை. எதை உடுத்துவது என்ற கேள்வியே அன்று எழவில்லை. நைட்டியோடு அடுப்படிக்குப் போய், பக்கத்து வீட்டு மூக்கும் அதே வேனில் போய்விட்ட தைரியத்தில், மூன்று பேருக்கும் முட்டைத் தோசை ஊற்றினாள். விக்கி இரண்டு தின்றான்.