கறுப்பு டைக்காரரின் கதையைச் சொன்னவள்

ஏரி வெட்டும் நூறு நாள் வேலையில் என் சிநேகிதி என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிடுவாள். பிலிப்பைன்ஸில் டாக்டருக்குப் படிக்கும் கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிவிட்டு ஊர் திரும்பிய ஒருத்தி வேலைக்கு வந்தாள். அன்றிலிருந்து என் சிநேகிதி அந்தப் பக்கம் போய்விட்டாள்.

வந்தவள் அப்படி ஒன்றும் அழகில்லை. எடுப்புப் பல். சாப்பிடும் நேரத்தில் அந்த நாட்டுக் கதைகளைச் சொல்வாள். ருசிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுத் துடைப்பக் குச்சியால் பல் குத்துவாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்திருப்பார்கள். எனக்கு வயிறு எரியும். முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவேன். காது மட்டும் அங்கேயே இருக்கும்.

ஒருநாள் அந்த நாட்டின் முதல் ஜனாதிபதியைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காக்காரன் அவரைப் பிடித்துப் பதவியைப் பறித்துவிட்டானாம். நாட்டுக்கு விடுதலை வரும்வரை கழுத்தில் கறுப்பு டை கட்டித் துக்கம் காத்தாராம்.

“விடுதலை வந்தப்ப அவரையே திரும்ப உக்கார வச்சாங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவளோடு நான் பேசிய முதல் பேச்சு அது.

“இல்லக்கா. அந்த எடத்துல வேற ஆளு.”

“அவருக்கு வயிறு எரியலயா?”

“எரிஞ்சிருக்கும். ஆனாலும் கொடியப் புடிச்சிக்கினு ஊர்வலத்துல நடந்தாரு. நீ இன்னாக்கா அங்கயே குந்திக்கினு கீற? இங்க வாக்கா.”

என் சிநேகிதி நகர்ந்து இடம் விட்டாள். இருவருக்கும் நடுவில் இல்லை, ஓரத்தில். போய் உட்கார்ந்தேன்.

கொடி பிடித்து நடந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று கதை சொன்னவளிடம் கேட்க நினைத்தேன். இன்றுவரை கேட்கவில்லை.